வரைபடமில்லாத எஞ்சின்: ஆரம்பகால வானூர்தி ஆவணங்கள் பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்ப வரலாற்றை எழுத முற்படுபவர் முதலில் எதிர்கொள்வது சான்று பற்றிய சிக்கலேயாகும். அரசியல் வரலாற்றுக்கு ஆவணம் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றிவிடுகின்றது. கட்டளை பிறக்கும் இடத்திலேயே அதனை எழுதி வைப்பவனும் இருக்கிறான். நிலத்தை அளப்பவன் அளவுக்குறிப்பையும், வரி தண்டுபவன் கணக்கேட்டையும் விட்டுச் செல்கிறான். பட்டறையின் நிலை இதுவன்று. கொல்லனும் கடைசற்காரனும் தமது அறிவைக் கையிலே வைத்திருப்பவர்கள். செய்து முடித்த பொருளே அவர்கள் விட்டுச்செல்லும் சாசனம். அதுவும் பெரும்பாலும் உருக்கப்பட்டோ துருப்பிடித்தோ அழிந்துபோகின்றது. இது பண்டைக் காலத்துக்கு மாத்திரம் உரிய நிலையென எண்ணுதல் தவறாகும். அச்சியந்திரமும் புகைப்படக் கருவியும் தந்தியும் பெருவழக்கிலிருந்த ஒரு நாட்டில், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதனை முதன்முதலாக வானில் எழுப்பிய எஞ்சின் முறையான வரைபடம் எதுவுமின்றியே ஆக்கப்பட்டது. அந்த எஞ்சினைப் பற்றி இன்று அறியப்படுவன எவ்வாறு அறியப்பட்டன என்ற வினா, அந்த எஞ்சினின் வரலாற்றைவிடக் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று.

1903 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஒன்பது நாட்கள் இடைவெளியில் இரண்டு பறக்கும் பொறிகள் பரீட்சிக்கப்பட்டன. டிசம்பர் 8 ஆம் திகதி, வாஷிங்ரனில் பொட்டோமாக் ஆற்றில் ஒரு மிதவை வீட்டின் மேலிருந்து ஏவப்பட்ட சாமுவேல் லாங்லியின் 'ஏரோட்ரோம்' உடைந்து ஆற்றினுள் வீழ்ந்தது. ஒக்ரோபர் 7 ஆம் திகதி நடந்த முதல் முயற்சியும் அவ்வாறே முடிந்திருந்தது. டிசம்பர் 17 ஆம் திகதி, வட கரோலினாவின் கிற்றி ஹோக்கை அடுத்த மணல்வெளியில் வில்பர் றைற், ஓர்வில் றைற் என்னும் சகோதரர் இருவரின் பொறி நான்கு தடவை எழுந்தது. முதலாவது பறப்பு 12 விநாடி நீடித்தது. நான்காவது 59 விநாடியில் 852 அடியைக் கடந்தது.

பறக்காத பொறியின் எஞ்சினைப் பற்றி வேண்டிய அளவு ஆவணங்கள் உள்ளன. பறந்த பொறியின் எஞ்சினைப் பற்றியோ மிகக் குறைவாகவே உள்ளன. இது தற்செயலன்று. லாங்லி சிமித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர். அவருடைய முயற்சிக்கு யுத்தத் திணைக்களம் 50,000 டொலர் வழங்கியிருந்தது. அரச பணம் செலவாகும் இடத்தில் கடிதமும் கணக்கும் பரிசோதனை அறிக்கையும் தாமாகவே பெருகும். நியூயோர்க்கைச் சேர்ந்த ஸ்ரீபன் பால்சரிடம் எஞ்சின் ஒப்பந்தம் விடப்பட்டது. அவரால் வேண்டிய வலுவைத் தர இயலாதபோது லாங்லியின் உதவியாளர் சாள்ஸ் மான்லி அதனை மாற்றியமைத்தார். ஐந்து உருளைகள் வட்டமாக அமைந்த அந்த எஞ்சின் 52 பரிவலுவைத் தந்தது. நீர் முதலியன சேர்ந்த அதன் நிறை ஏறத்தாழ 207 இறாத்தல். ஒரு பரிவலுவுக்கு நான்கு இறாத்தல் என்ற அளவு அக்காலத்தில் வியக்கத்தக்கதாகும். லாங்லி 1906 இல் இறந்தபின், மான்லி எழுதிய பகுதியையும் உள்ளடக்கி, முழு முயற்சியின் வரலாற்றையும் சிமித்சோனியன் நிறுவனம் 1911 இல் விரிவான நூலாக வெளியிட்டது. பால்சருக்கும் வாஷிங்ரனுக்கும் இடையே சென்ற கடிதங்கள் காக்கப்பட்டிருந்தமையாலேயே, மான்லியின் பெயரால் வழங்கிய அந்த எஞ்சினில் பால்சருக்கிருந்த பங்கைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்ட முடிந்தது.

றைற் சகோதரர் ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில் துவிச்சக்கரவண்டிக் கடை நடத்தியவர்கள். செலவு அவர்களுடையது; எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. 1902 டிசம்பரில் அவர்கள் எஞ்சின் உற்பத்தியாளர் பலருக்குக் கடிதம் எழுதினர்: எட்டு அல்லது ஒன்பது பரிவலு தரவேண்டும், நிறை 180 இறாத்தலுக்கு மேற்படலாகாது. பொருத்தமான எஞ்சின் எவரிடமிருந்தும் கிடைக்கவில்லை. எனவே கடையில் வேலை செய்த சாள்ஸ் ரெய்லர் என்னும் பொறிவினைஞரைக் கொண்டு தாமே அதனை ஆக்கத் துணிந்தனர். ஒரு கடைசற் பொறியும் ஒரு துளைபொறியும் கைக்கருவிகளுமே கடையில் இருந்த பெரும் சாதனங்கள். ஆறு வாரங்களில் எஞ்சின் உருவாயிற்று.

அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதற்கான தலையாய சான்று ரெய்லரின் வாய்மொழியேயாகும். அவ்வாய்மொழி அச்சில் வந்ததோ 1948 டிசம்பரில், ஒரு வார சஞ்சிகையில்; அப்பொழுது ரெய்லருக்கு வயது 80, நிகழ்ச்சி நடந்து 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் கூறியதன்படி, மூவரில் ஒருவர் குறித்த உறுப்பைக் கிடைத்த காகிதத்துண்டில் கீறிக் காட்டுவார். அத்துண்டைத் தமது வேலைமேசைக்கு மேலே குத்தி வைத்து அதைப் பார்த்து ரெய்லர் வேலை செய்வார். வேலை முடிந்ததும் துண்டின் பயனும் முடிந்தது. உருளைகளின் ஏற்றவிறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் 'கிராங்க்' தண்டைச் செய்த விதமும் அவர் சொல்லியே தெரியவந்தது. 31 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள ஓர் உருக்குப் பாளத்தில் தண்டின் உருவைக் கீறி, கோட்டின் ஓரமாக வரிசையாகத் துளையிட்டு, மிகுதியை உளியால் வெட்டி வீழ்த்தி, எஞ்சியதைக் கடைந்து எடுத்தார். நான்கு உருளைகளைக் கொண்ட அந்த எஞ்சின் ஏறத்தாழ 180 இறாத்தல் நிறையில் 12 பரிவலுவைத் தந்தது. அதாவது ஒரு பரிவலுவுக்கு 15 இறாத்தல். மான்லியின் எஞ்சினோடு ஒப்பிட்டால் பின்தங்கியது. ஆனால் தங்களுக்கு எவ்வளவு வலு போதும் என்பதை அச்சகோதரர் கணித்து அறிந்திருந்தனர்.

ரெய்லரின் நினைவு மாத்திரமே சான்றாயின் ஐயுறவு கொள்ள இடமுண்டு. நல்வாய்ப்பாக, எஞ்சினைக் கீறி வைக்காத அச்சகோதரர் அளவுகளைக் குறித்து வைக்கும் பழக்கமுடையவர்கள். நாட்குறிப்பு, கணிப்பேடு, கடிதம் என்பவற்றிலிருந்து எஞ்சினின் தொடக்க வரலாற்றைத் திரட்ட முடிகின்றது. 1903 பெப்ரவரி 12 ஆம் திகதி எஞ்சின் முதலில் இயங்கியது. மறுநாளே, சொட்டிய பெற்றோல் தாங்கிகளில் மசகை நீக்கிவிட, அவை இறுகி எஞ்சினின் உடல் உடைந்தது. புதிய வார்ப்பு ஏப்ரல் 20 ஆம் திகதியே வந்துசேர்ந்தது. டிசம்பர் 17 ஆம் திகதியன்று பொறியிலேயே ஒரு நிறுத்தற் கடிகாரமும், காற்றுவேகமானியும், எஞ்சினின் சுற்றுக்களை எண்ணும் கருவியும் பூட்டப்பட்டிருந்தன. வரைபடம் விட்டுச் செல்லாத எஞ்சின் தன் சுற்றுக்களின் எண்ணிக்கையை விட்டுச் சென்றது. அதே நாளில் தந்தைக்கு அனுப்பப்பட்ட தந்தியில் 59 விநாடி 57 விநாடியாகவும், ஓர்வில்லின் பெயர் எழுத்துப் பிழையுடனும் பதிவாகின. நாட்குறிப்பு இல்லாதிருந்தால் 57 என்பதே வரலாறாகியிருக்கும்.

எஞ்சினின் பிற்கால வாழ்வு துன்பம் நிறைந்தது. நான்காவது பறப்பின் பின் தரையில் நின்ற பொறியைக் காற்றுப் புரட்டிவிட, எஞ்சினின் அலுமினியப் பெட்டி உடைந்தது. மீண்டும் அப்பொறி பறக்கவேயில்லை. 1906 இல் நியூயோர்க்கில் நடந்த கண்காட்சிக்கு இரவல் கொடுக்கப்பட்ட கிராங்க் தண்டும் கனத்த விசைச்சில்லும் திரும்பி வரவில்லை. 1913 மார்ச்சில் டேற்றன் நகரைப் பெருவெள்ளம் மூடியபோது, பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்த பொறி நீரிலும் சேற்றிலும் கிடந்தது. முதற் பறப்பைப் பதித்த கண்ணாடித் தகடும் மூலை சிதைந்தது. 1916 இல் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் விழாவுக்காக ஓர்வில் பொறியை மீண்டும் பொருத்தினார். இழந்த உறுப்புக்களுக்குப் பதிலாக வேறு உறுப்புக்கள் சேர்க்கப்பட்டன. 1928 இல் பொறி இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்த காலத்திலேதான் அது முறைப்படி அளக்கப்பட்டு வரைபடங்கள் ஆக்கப்பட்டன. ஆகவே 1903 ஆம் ஆண்டு எஞ்சினுக்கு வரைபடம் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே விடை கூறலாம். ஆனால் அது எஞ்சினுக்குக் கால் நூற்றாண்டு பிந்தியது. வரையப்பட்ட எஞ்சினோ முற்றிலும் 1903 ஆம் ஆண்டுக்குரியதன்று. ஏட்டுப்பிரதிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்நிலை புதியதாகத் தோன்றாது. மூலவோலை போய்விட, இடையிடையே புத்தோலை சேர்ந்த ஒரு படியிலிருந்து பாடத்தைத் துணிய வேண்டிய நிலைக்கு இது ஒப்பானது. 1971 இல் றைற் எஞ்சின்கள் பற்றி விரிவாக எழுதிய லெனாட் ஹொப்ஸ், தாமே விமான எஞ்சின்களை வடிவமைத்த பொறியியலாளர். அவரும் இவ்வரைபடங்களையும், எஞ்சிய எஞ்சின்களையும், கடிதங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே தம் முடிவுகளைக் கண்டார். முழுப் பொறிக்கும் 1903 ஆம் ஆண்டிலிருந்து எஞ்சியுள்ள வரைபடமாகக் காட்டப்படுவது, பிலடெல்பியாவின் பிராங்ளின் நிறுவனத்தில் உள்ள, பழுப்புநிறப் பொதிதாளிற் பென்சிலாற் கீறப்பட்ட ஒன்றேயாகும்.

அமெரிக்காவின் தலைசிறந்த தொழினுட்பச் சின்னம் இலண்டனுக்கு நாடுகடந்தமைக்கு ஆவணப் போரொன்றே காரணம். லாங்லியின் ஏரோட்ரோமைச் சிமித்சோனியன் நிறுவனம் 1914 இல் கிளென் கேட்டிஸ் என்னும் விமான உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தது. அவர் அப்போது ஆக்கவுரிமை வழக்கில் றைற் தரப்பினரிடம் தோற்றிருந்தவர். றைற் பொறிக்கு முன்னரே பறக்கவல்ல பொறியொன்று இருந்ததென நிறுவப்படுவது அவருக்கு இலாபமானது. அவர் அப்பொறியின் அமைப்பிற் பல மாற்றங்கள் செய்து நீர்ப்பரப்பிலிருந்து குறுந்தூரம் எழுப்பினார். மாற்றங்களை உள்ளவாறு சொல்லாது, 1903 இலேயே அது பறக்கவல்லதாக இருந்ததென நிறுவனத்தின் ஆண்டறிக்கை கூறியது. காட்சிக்கூட விளக்கப் பலகையும் அதனையே கூறியது. நாட்டின் பெரும் ஆவணக் காப்பிடமே பிழையான ஆவணத்தை உருவாக்கியது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. ஓர்வில் வாதாடிப் பயன் காணாது பொறியைக் கடல் கடந்து அனுப்பினார். 1903 ஆம் ஆண்டுப் பொறிக்கும் 1914 ஆம் ஆண்டுப் பொறிக்கும் இடையேயிருந்த வேறுபாடுகளின் பட்டியலை 1942 இல் நிறுவனமே அச்சிட்டு வெளியிட்டபின்பே பிணக்குத் தீர்ந்தது. அப்பட்டியலை அவ்வளவு நுணுக்கமாக ஆக்க முடிந்தமைக்குக் காரணம் லாங்லி, மான்லி ஆகியோரின் 1911 ஆம் ஆண்டு நூலேயாகும். தோல்வியுற்றவர்கள் நேர்மையாக எழுதி வைத்த பதிவு, வென்றவனின் உரிமையைக் காத்தது. ஓர்வில் 1948 ஜனவரியில் இறந்தார். பொறி அவ்வாண்டு டிசம்பர் 17 ஆம் திகதி வாஷிங்ரனிற் காட்சிக்கு வைக்கப்பட்டது.

எழுத்து இல்லாத இடத்திற் பொருளே பேசும் என்பதற்கும் இதே எஞ்சின் உதாரணமாகின்றது. அதன் பெட்டி அலுமினியமும் ஏறத்தாழ 8 வீதம் செம்பும் கலந்த உலோகத்தால் வார்க்கப்பட்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட சிறு மாதிரியை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த உலோகவியலாளர் இருவர் 1994 இல் தம் முடிவை வெளியிட்டனர். அலுமினியக் கலப்புலோகத்தினுள்ளே மிக நுண்ணிய துணிக்கைகள் படிந்து அதனை வலுப்படுத்தும் செயன்முறையை ஜேர்மானியரான அல்பிரெட் வில்ம் 1906 இல் முதலில் அவதானித்தார் என்பது பாடநூற் செய்தி. அச்செயன்முறையின் தடயம் 1903 ஆம் ஆண்டு வார்ப்பிலேயே காணப்பட்டது. வார்த்தவனுக்கு அது தெரியாது. றைற் சகோதரருக்கும் தெரியாது. வார்ப்பு அச்சிலே மெல்ல ஆறியபோது நடந்த அந்நிகழ்ச்சியை எந்தக் காகிதமும் பதிவு செய்திருக்க முடியாது.

அப்படியாயின் வானூர்தித் துறையில் எழுத்து எங்கே தொடங்குகின்றது? ஆக்கவுரிமைப் பத்திரமே முதலாவதென எவரும் எண்ணக்கூடும். 1906 மே 22 ஆம் திகதி றைற் சகோதரருக்கு வழங்கப்பட்ட பத்திரத்திலோ எஞ்சின் பற்றிய பேச்சே இல்லை. 1903 மார்ச்சில், எஞ்சின் உடைந்து கிடந்த வேளையில் சமர்ப்பிக்கப்பட்ட அவ்விண்ணப்பம், சறுக்குவிமானத்தைச் சமநிலையில் இயக்கும் முறையைப் பற்றியது மாத்திரமே. ஆயினும் அப்பத்திரம் தோற்றுவித்த வழக்குகள் ஆவணக் களஞ்சியமாயின. நீதிமன்றில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்குக் கேள்வி கேட்டிராவிட்டால், எதை எப்போது எவ்வாறு செய்தோம் என்பதை அச்சகோதரர் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1920 இல் மற்றொரு வழக்கில் ஓர்வில் அளித்த சாட்சியம் இன்றும் ஆய்வாளர் கையாளும் மூலங்களில் ஒன்று.

அடுத்துக் கொள்வனவாளர் வந்தார். 1907 டிசம்பர் 23 ஆம் திகதி அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவு பறக்கும் பொறியொன்றுக்கான விவரக்கூற்றை வெளியிட்டது. இலக்கம் 486 எனப்படும் அச்சிறு பத்திரம் வேகம், சுமை, பறக்கும் நேரம் என்பவற்றோடு இன்னுமொன்றையும் கோரியது: அறிவுள்ள ஒருவன் நியாயமான காலத்திற் பழகித் தேறத்தக்கதாக அதன் அமைப்பும் இயக்கமும் எளிதாயிருத்தல் வேண்டும். பொறியை ஆக்கியவன் அன்றி வேறொருவன் அதனை இயக்கப்போகிறான் என்ற எண்ணம் இங்கே உத்தியோகபூர்வமான எழுத்தில் வந்துவிட்டது. விமானக் கைநூலின் வித்து இதிலே உள்ளதெனக் கொள்ளலாம். ரெய்லர் தம் எஞ்சினுக்கருகே நின்ற வரையில் எவருக்கும் கைநூல் தேவைப்படவில்லை.

முதலாம் உலக யுத்தம் இத்தேவையைப் பன்மடங்காக்கியது. 1917 மே மாத இறுதியில் வாஷிங்ரனின் வில்லார்ட் ஹோட்டலில் ஓர் அறையில் ஜெசி வின்சன்ற், எல்பேட் ஹோல் என்ற பொறியியலாளர் இருவர் அமர்ந்து சில நாட்களில் 'லிபேட்டி' எஞ்சினின் அடிப்படை வரைபடங்களை முடித்தனர். டேற்றனில் பொருள் முந்தியது. இங்கே காகிதம் முந்தியது. வெவ்வேறு மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் ஒரே எஞ்சினைச் செய்தன. ஒன்றின் உறுப்பு மற்றொன்றின் எஞ்சினிற் பொருந்த வேண்டும். 20,000 க்கு மேற்பட்ட லிபேட்டி எஞ்சின்கள் ஆக்கப்பட்டன.

எனினும் வரைபடம் வந்ததும் கையின் அறிவு முற்றாகக் காகிதத்தில் ஏறிவிட்டதெனக் கொள்வது அவசர முடிவாகும். றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் 'மேர்லின்' எஞ்சினின் கதை இதனைத் தெளிவாக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் இதன் உற்பத்தி பிரித்தானிய போர்ட் நிறுவனத்திடமும், 1940 செப்டெம்பர் ஒப்பந்தத்தின்படி டெற்றோயிற் நகரப் பக்கார்ட் நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. போர்ட் பொறியியலாளர், தந்த வரைபடங்களைக் கொண்டு எஞ்சினைச் செய்ய இயலாதென்றனர். றோல்ஸ் றோய்சின் ஸ்ரான்லி ஹூக்கர், அளவுகள் மிக நுட்பமானவையாக இருப்பதால் இவர்களால் முடியவில்லை என எண்ணினார். கிடைத்த மறுமொழி நேர்மாறானது: அளவுகள் போதிய நுட்பமில்லாதவை, அனுமதித்த வேறுபாடு மிக அதிகம். 1984 இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அவரே இதனைப் பதிவு செய்துள்ளார். றோல்ஸ் றோய்சில் அவ்வேறுபாட்டைச் சரிசெய்தவன் தேர்ந்த பொருத்துநன். அவன் அரத்தால் தேய்த்துப் பொருந்தும் உறுப்பைத் தேர்ந்து இணைத்தான். அவனுடைய திறமை வரைபடத்தில் இல்லை. வரைபடம் அவனை நம்பியே எழுதப்பட்டிருந்தது. ஆகவே மேர்லின் வரைபடங்கள் மீண்டும் வரையப்பட்டன. பக்கார்ட்டும் அவ்வாறே செய்ய நேர்ந்தது. பிரித்தானிய வரைஞர் ஒரு பொருளின் முகங்களைத் தாளில் வைக்கும் ஒழுங்கு வேறு, அமெரிக்க ஒழுங்கு வேறு. திருகுப்புரிகளின் அளவுகளோ பிரித்தானிய முறையிலேயே பேணப்பட்டன. இல்லையேல் கடலுக்கு அப்பால் உள்ள பொறிவினைஞனின் சாவி பொருந்தாது. பக்கார்ட் மாத்திரம் 55,000 க்கு மேற்பட்ட மேர்லின்களை ஆக்கியது.

அந்தக் கடலுக்கப்பாலுள்ள பொறிவினைஞனுக்காகவே கைநூல்கள் அச்சிடப்பட்டன. பிரித்தானிய விமான அமைச்சு அவற்றுக்குத் தொடரிலக்கம் வழங்கியது: ஹரிக்கேன் விமானத்துக்கு 1564, ஸ்பிற்பயருக்கு 1565, மேர்லின் எஞ்சினுக்கு 1590. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பின் மீதும், 9 ஆம் திகதி திருகோணமலையின் மீதும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எதிர்த்து எழுந்த ஹரிக்கேன்களும் மேர்லின் எஞ்சினால் இயங்கியவையே. இரத்மலானையிலோ சீனன்குடாவிலோ இரவிரவாக அவற்றைப் பழுதுபார்த்தவனுக்கு, எஞ்சினை ஆக்கியவனோடு இருந்த தொடர்பு அச்சிட்ட தாள் ஒன்றே.

வரலாற்று மாணவனுக்கு இக்கைநூல்கள் தரும் இடர் வேறு வகையானது. அவை பேணுவதற்காக அச்சிடப்பட்டவையல்ல. புதிய பதிப்பு வந்ததும் பழையது பயனற்றது என்பது மாத்திரமன்று, ஆபத்தானதுமாகும். பழைய அளவை நம்பி எஞ்சினை இயக்கினால் உயிரிழப்பு நேரலாம். எனவே பழைய பிரதிகளை அழிப்பதே ஒழுங்கான படைத்தளத்தின் கடமை. ஒழுங்கீனமாகப் பரணிற் போடப்பட்டவையும், விடைபெற்றுச் சென்ற வீரன் பெட்டியில் வைத்துக்கொண்டவையுமே பல சுவடிச்சாலைகளை வந்தடைந்தன. இன்று ஒரு மேர்லின் எஞ்சினைத் திருத்தி மீண்டும் வானில் எழுப்ப முயல்வோர் தேடியலைவது இத்தகைய பிரதிகளையே.

விமானிக்கான குறிப்புநூல்கள் சிறியவை. ஒரு திருத்தம் வந்தால் முழு நூலையும் மீள அச்சிடுவதில்லை. பின்புறம் பசை தடவிய சிறு தாள்கள் அனுப்பப்படும். அவற்றை உரிய வரிகளின் மேல் ஒட்டி, இன்ன இலக்கத் திருத்தம் சேர்க்கப்பட்டது என நூலிற் குறித்துக்கொள்ள வேண்டும். சுவடிச்சாலைகளில் இன்று கிடைக்கும் பிரதிகளில் இவ்வொட்டுத்தாள்கள் ஓரம் கிளம்பி மஞ்சளித்துக் காணப்படுகின்றன. சிலவற்றில் அவை ஒட்டப்படாமலே ஏடுகளுக்கிடையிற் செருகப்பட்டுள்ளன. ஒட்டிய தாளின் கீழே முந்திய அறிவுறுத்தல் உள்ளது. அது தவறென்பது எவனோ ஒருவன் பறந்தபோதுதான் தெரியவந்திருக்கும். அவன் பெயர் அந்நூலில் இல்லை.